பல்லுக்குத் தோல் ஏது?

கடந்த ஐப்பசி மாதத்தில் ஓர் இரவு. செபமாலை முடிந்து, கோயிற் கதவைச் சாத்திவிட்டுப் பங்கு இல்லத்துத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தோம். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. வைகையின் வடகரையில் சோழவந்தான் பக்கமாக உள்ள கிளைக் கிராமம் ஒன்றிலிருந்து, வயது முதிர்ந்த தாய் ஒருவர், பேரன் ஓட்டிவந்த இருசக்கர வண்டியினின்று இறங்கி, நனைந்த சேலையோடு ஓடி வந்தார். வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர். இளைய மகன் வளைகுடா நாடொன்றில் கட்டட வேலை பார்க்கிறான்.

"சாமி, எம் மகனுக்கு மூஞ்சியெல்லாம் போச்சாம் சாமி. பல்லு வெளிய தெரியுற மாதிரி தோலு உரிஞ்சு போச்சாம்" என்றார். அதற்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

பேரன் தன் கைப்பேசியை நம்மிடம் நீட்டினான். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். குடும்பத்தில் ஆங்கிலம் படிப்பவன் அவன் ஒருவனே. அவனுடைய சிற்றப்பா வேலை செய்யும் இடத்து மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் மூன்றே வரிகள் அனுப்பியிருந்தார். சாரம் சரிந்து விழுந்தது என்பது முதல் வரி. 'பை தி ஸ்கின் ஆஃப் ஹிஸ் டீத்' அவர் தப்பினார் என்பது இரண்டாவது. கவலைப்பட வேண்டாம் என்பது மூன்றாவது. மாணவன் சொல்லுக்குச் சொல் தமிழாக்கித் தன் பாட்டிக்குப் படித்துக் காட்டியிருக்கிறான்: 'தம் பற்களின் தோலால் தப்பினார்.' முகம் சிதைந்து, தாடை கிழிந்து, பற்களின்மேல் ஒட்டியிருந்த தோல் மட்டும் மிஞ்சியதாக அந்தத் தாய் அதைப் புரிந்துகொண்டார். மகனை அழைத்தால் அவனது கைப்பேசி ஒலிக்கவே இல்லை.

"கவலைப்பட வேண்டாம் என்றுதானே அப்பா எழுதியிருக்கிறார்?" என்று மாணவனைக் கேட்டோம். "ரொம்ப மோசமா இருந்தாத்தானே சாமி, கவலைப்படாதீங்கன்னு சொல்லுவாங்க?" என்றான் அவன். இதற்கு மறுமொழி சொல்ல நம்மால் இயலவில்லை. துக்கச் செய்திகளை நாமே எத்தனை முறை அவ்வாறு தொடங்கியிருக்கிறோம்!

தாயை அமரச் செய்து சொன்னோம்: "அப்படியில்லை அம்மா. அது ஆங்கிலத்தில் ஒரு பேச்சு வழக்கு. பேராபத்திலிருந்து நூலிழையில் தப்பிவிட்டான் என்பதுதான் அதற்குப் பொருள். முகத்துக்கும் பல்லுக்கும் ஒன்றும் ஆகவில்லை."

அவர் நம்மை உற்றுப் பார்த்தார். ஆறுதலுக்காகப் பொய் சொல்கிறோமோ என்ற ஐயம் அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு கேட்டார்: "பல்லுக்கு ஏது சாமி தோலு? இல்லாத தோலை வச்சு எம் மகன் எப்படித் தப்புனான்?"

நாம் வாயடைத்துப் போனோம். அந்த மரபுத்தொடரின் பொருளைப் பல ஆண்டுகளாக அறிந்திருந்தோம். மறையுரையில்கூட ஒன்றிரண்டு முறை எடுத்தாண்டிருப்போம். ஆயினும் பல்லுக்குத் தோல் உண்டா என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

இரவு பத்தேகால் மணிக்கு, தோழன் ஒருவனுடைய கைப்பேசியிலிருந்து மகனே அழைத்தான். முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. சாரம் சரிவதற்குச் சற்று முன்புதான் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினானாம். பத்தடி தள்ளி நிற்கையில் பலகைகளும் குழாய்களும் அவன் நின்றிருந்த இடத்தில் வந்து விழுந்தன. அவனுடைய கைப்பேசி அவற்றின் அடியில் நசுங்கிப் போயிற்று. உயிர்ச்சேதம் ஏதுமில்லை, இருவருக்குச் சிறு காயம். இவ்வளவையும் அவன் சொல்லி முடித்த பின்னும் தாய் நம்பவில்லை. "பல்லைக் காட்டுடா" என்றார். கடல் கடந்து நின்ற அந்த முப்பது வயது ஆண்மகன் ஒன்றும் விளங்காமல் திகைத்து, பிறகு சிரித்து, இரு வரிசைப் பற்களையும் காட்டினான். அதன் பின்னரே அவர் அழுதார்.

அவர்கள் சென்ற பிறகும் அந்தக் கேள்வி நம்மைவிட்டு அகலவில்லை. புத்தக அலமாரியைத் திறந்தோம்.

இத்தொடரின் பிறப்பிடம் யோபு நூலின் 19ஆம் அதிகாரம், 20ஆம் வசனம் என்பது நினைவில் இருந்தது. செல்வம், மக்கள், உடல்நலம் யாவும் இழந்து சாம்பலில் அமர்ந்திருக்கும் யோபு, ஆறுதல் சொல்ல வந்து வாதம் செய்யும் நண்பர்களிடம் முறையிடும் இடம் அது. அழைத்தால் பணியாளன் ஏனென்று கேட்பதில்லை. மனைவிக்குத் தம் மூச்சுக்காற்றே அருவருப்பாயிற்று. சிறுவர்கள்கூட இகழ்கின்றனர் என்று அடுக்கிக்கொண்டே வருகிறார். எலும்பு தோலோடு ஒட்டிக்கொண்டது என்கிறார். அதையடுத்து அந்தச் சொற்கள் வருகின்றன. எபிரேய மூலத்தில் உள்ளபடி எடுத்தால், தம் பற்களின் தோலோடு தப்பினதாக அவர் சொல்கிறார்.

நமக்கு முன்பு இப்பங்கில் பணிசெய்த மூத்த குரு ஒருவர் விட்டுச்சென்ற பழைய வுல்காத்தா நம்மிடம் உண்டு. குருமடத்தில் கற்ற சிறிதளவு இலத்தீனைக் கொண்டு அதைப் புரட்டினோம். வியப்பு! அங்கே பற்களின் தோலே இல்லை. பற்களைச் சுற்றி உதடுகள் மட்டுமே எஞ்சின என்ற பொருளில் புனித எரோணிமுஸ் மொழிபெயர்த்திருக்கிறார். அவருக்கும் முற்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்போ எலும்புகள் பற்களில் பிடிபட்டிருப்பதாகச் சொல்கிறது. எபிரேயத்தில் தோல், கிரேக்கத்தில் எலும்பு, இலத்தீனில் உதடு! சோழவந்தான் பக்கத்துத் தாய் கேட்ட அதே கேள்வியைத்தான் ஈராயிரம் ஆண்டுகளாக மொழிபெயர்ப்பாளர்களும் கேட்டுக்கொண்டிருந்திருக்கின்றனர். பல்லுக்குத் தோல் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ஆகவே ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய வழியில் அந்த இடத்தைக் கடந்து சென்றனர்.

புனித எரோணிமுசைப் பற்றி இங்கே ஒரு செய்தி சொல்லாமல் இருக்க முடியவில்லை. யோபு நூலைப் புரிந்துகொள்வதற்காக, லித்தா ஊரைச் சேர்ந்த யூத ஆசிரியர் ஒருவருக்குக் கணிசமான பொருள் கொடுத்துப் பாடம் கேட்டதாக அந்நூலுக்கு எழுதிய முன்னுரையில் அவரே குறிப்பிடுகிறார். அந்த ஆசிரியரால் தமக்குப் பயன் விளைந்ததா என்பது தெரியாது என்றும், தாம் புரிந்துகொண்டதை மட்டுமே தம்மால் மொழிபெயர்க்க முடிந்தது என்றும் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். அதே முன்னுரையில் அந்நூலை விலாங்கு மீனுக்கு ஒப்பிடுகிறார். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க நழுவுமாம். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கைப் பழமொழியில் வைத்திருக்கும் நம் மக்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் ஆங்கிலேயருக்கு மட்டும் பற்களின் தோல் எவ்வாறு வாய்த்தது? 1560ஆம் ஆண்டில், நாடு கடந்து ஜெனீவா நகரில் வாழ்ந்த ஆங்கிலேய அறிஞர்கள் வெளியிட்ட விவிலியத்தில் அச்சொற்கள் எபிரேயத்தில் உள்ளபடியே பெயர்க்கப்பட்டன. பொருள் விளங்காத இடத்தில் சொல்லையாவது காப்பாற்றுவோம் என்று அவர்கள் எண்ணினர் போலும். 1611இல் ஜேம்ஸ் மன்னர் காலத்து மொழிபெயர்ப்பும் அவ்வழியே சென்றது. அந்நூல் ஆங்கிலேயர் வீடுகள்தோறும் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டமையால் பற்களின் தோல் அவர்களுடைய அன்றாடப் பேச்சிலும் புகுந்துவிட்டது. 1609, 1610ஆம் ஆண்டுகளில் துவே நகரிலிருந்து வெளிவந்த கத்தோலிக்க ஆங்கில மொழிபெயர்ப்பு வுல்காத்தாவைப் பின்பற்றியதால், அதில் உதடுகள்தாம் இருக்கின்றன. அந்த உதடுகள் எந்த மரபுத்தொடருக்கும் வழிவகுக்கவில்லை. தெளிவாக மொழிபெயர்த்தது மறக்கப்பட்டது. விளங்காமல் மொழிபெயர்த்தது வழக்கில் நிலைத்தது. மொழியின் போக்கு அப்படி!

1871இல் வெளிவந்த சீர்திருத்த சபையாரின் தமிழ் வேதாகமம், பற்களை மூடச் சிறிது தோல் மட்டும் தப்பியதாகப் பொருள் கொள்கிறது. இது இலத்தீனுக்கு நெருங்கிய பொருள். ஈறுகளைத்தான் யோபு பற்களின் தோல் என்றார் என்று கூறும் விரிவுரையாளர் உண்டு. பல்லுக்குத் தோலே இல்லையாதலால், ஒன்றுமே இல்லாமல் வெறுமையாகத் தப்பினேன் என்று அவர் கசந்து சொல்கிறார் என்பாரும் உண்டு. நமக்கு இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. 'இல்லாத தோலை வச்சு' என்று கேட்ட தாயும் இந்தக் கட்சியைச் சேர்ந்தவரே.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். யோபு அச்சொற்களை மகிழ்ந்து சொல்லவில்லை. அடுத்த வசனத்திலேயே, என்மேல் இரங்குங்கள் என்று நண்பர்களிடம் மன்றாடுகிறார். இன்றைய ஆங்கிலேயரோ பெருமூச்சு விட்டுச் சிரிக்கும் வேளையில் அதைச் சொல்கிறார். சாம்பலில் பிறந்த சொல் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. யோபுவில் 'தோலோடு' என்றிருந்தது, இன்றைய ஆங்கிலத்தில் 'தோலால்' என்று ஆகியிருக்கிறது. விவிலியத்தைத் திறந்தே பாராதவர்களும் தேர்வு, தேர்தல், பந்தயம், புகைவண்டி எல்லாவற்றுக்கும் அதைப் பயன்படுத்துகின்றனர்.

மறு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அந்த மாணவன் நம்மைத் தேடி வந்தான். தன்னால் பாட்டி அழுதாரே என்று அவனுக்கு வெட்கம். இனி அந்தத் தொடரை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றான். பள்ளிகளில் மரபுத்தொடர்களை ஒருபுறமும் பொருளை மறுபுறமும் எழுதி மனப்பாடம் செய்விக்கின்றனர். மதிப்பெண்ணுக்கு அது போதும். எந்த வீட்டில் எந்த வேளையில் அதைச் சொல்லலாம் என்பதைப் பட்டியல் சொல்லித் தருவதில்லை. எனவே அவனோடு திண்ணையில் அமர்ந்து, அவனுக்குத் தெரிந்த உலகத்தைக் கொண்டே விளக்க முயன்றோம்.

முப்பத்தைந்து மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி. சரியாக முப்பத்தைந்து பெற்றவன் 'பற்களின் தோலால்' தேறினான் எனலாம். முப்பத்துநான்கு பெற்றவனுக்கு இது பொருந்தாது. மயிரிழையில் தவறவிட்டதற்கு இத்தொடர் இல்லை, தப்பியதற்கும் வென்றதற்கும் மட்டுமே உண்டு. மதுரைச் சந்திப்பில் பாண்டியன் விரைவு வண்டி நகரத் தொடங்கும்போது ஓடி வந்து ஏறியவன் சொல்லலாம். ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து காப்பி குடித்துவிட்டு ஏறியவன் சொன்னால் நகைப்புக்கு இடமாகும். தப்பியவர் யாரோ அவருக்கேற்ப 'என்', 'அவன்', 'அவர்கள்' என்று பற்களின் உரிமையாளர் மாறுவார். தோல் எப்போதும் ஒருமை, பற்கள் எப்போதும் பன்மை. நெருங்கியவர்களுக்கு எழுதும் கடிதத்தில் இடம் பெறலாம். அரசு அலுவலகத்துக்கு எழுதும் விண்ணப்பத்தில் கூடாது. உயிர் பலியான விபத்தில் பிழைத்தவரைப் பற்றிச் சாவு வீட்டில் இதைச் சொல்லவே கூடாது. அதில் ஒரு புன்னகை ஒளிந்திருக்கிறது.

"தமிழ்ல இதுக்கு என்ன சாமி?" என்று கேட்டான். இங்கேதான் நாம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். மயிரிழையில் உயிர் தப்பினார் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அது ஆபத்துக்கும் ஆளுக்கும் இடையிலிருந்த தூரத்தை அளக்கும் சொல். மறுபிறவி எடுத்து வந்தான் என்று ஊரார் சொல்வர். அது செத்துப் பிழைத்தவனுக்கு, நோயிலிருந்து எழுந்தவனுக்கு. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பது இன்னும் நுட்பமானது. அதில் தப்புதலும் உண்டு, இழப்பும் உண்டு. பெரியதற்கு ஈடாகச் சிறியது போயிற்று என்ற மன அமைதியும் உண்டு. சிற்றப்பாவின் உயிர் தப்பியது, கைப்பேசி நசுங்கிற்று. தமிழில் இதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. அந்த மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரிந்து இதை எழுதியிருந்தால், ஒரு தாய் மழையில் ஓடி வந்திருக்க வேண்டியதில்லை.

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது எப்போதுமே தவறு என்று மாணவன் முடிவு கட்டிவிடக் கூடாதே என்பதற்காக வேறொன்றையும் காட்டினோம். தோற்றவன் மண்ணைக் கவ்வினான் என்று நாம் சொல்வதையே ஆங்கிலேயரும் ஏறத்தாழ அதே சொற்களால் சொல்கின்றனர். கண்ணின் மணியைப் போல் காத்தருளும் என்று 17ஆம் திருப்பாடலில் வேண்டுகிறோம். ஆங்கிலத்தில் அது 'கண்ணின் ஆப்பிள்'. எபிரேயத்திலோ அது கண்ணுக்குள் தெரியும் குட்டி மனிதன். எதிரே நிற்பவருடைய உருவம் விழியில் சிறிதாகத் தெரிவதால் வந்த பெயர் அது. இலத்தீனிலும் அச்சொல் சிறுமியையோ பொம்மையையோ குறிக்கும். நம் தமிழில் அது கண்ணின் பாவை! பாவை என்றால் பொம்மை அன்றோ? ஆங்கிலேயர் வேறு வழியாகச் சுற்றிப் போன இடத்துக்கு, வைகைக் கரை மக்கள் நேர்வழியாகவே சென்றிருக்கின்றனர். இதைக் கேட்ட மாணவன், தன் தங்கையின் கண்ணை உற்றுப் பார்த்துத் தன் உருவம் தெரிகிறதா என்று சோதித்தான்.

பிறகு அவனே ஆர்வமாகி, வெள்ளைக்காரர் யாரேனும் நம் ஊருக்கு வந்து, கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான் என்று கேட்டால் என்ன செய்வார் என்றான். கம்பி எவ்வளவு நீளம் என்று கேட்பார் என்றோம். தண்ணீர் காட்டினான் என்றால் தாகம் தீர்த்தான் என்று எண்ணுவார். காது குத்துகிறான் என்றால் விருந்துக்குப் புறப்படுவார். இப்படிச் சிரித்துக்கொண்டிருக்கையில் வீரமாமுனிவரின் நினைவு வந்தது. 1680இல் இத்தாலியில் பிறந்து, மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்து, 1732இல் சதுரகராதியைத் தொகுத்து, 1747இல் மறைந்தவர். சொற்களுக்குப் பொருள் தேடி ஆயுளைச் செலவிட்ட அவரே, சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பொருளைக் கைவிடும் மூடர்களைப் பற்றிப் பரமார்த்த குருவின் கதையை எழுதினார். குதிரைமேல் போகும் குருவின் தலைப்பாகை விழுகிறது; எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர்கள் விட்டுவிடுகின்றனர். விழுவதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று குரு கடிந்துகொள்ள, குதிரை போட்ட சாணத்தையும் பயபக்தியோடு தலைப்பாகையில் ஏந்துகின்றனர். எவற்றை எடுக்க வேண்டுமென்று அவர் ஓலையில் பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். கடைசியில் குருவே குழியில் விழும்போது, பட்டியலில் அவர் பெயர் இல்லாததால் ஆடைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை விட்டுவிடுகின்றனர். 1822இல் பாபிங்டன் என்பவர் இக்கதையை ஆங்கிலத்தில் பெயர்த்து இலண்டனில் வெளியிட்டார். அயல்மொழியில் எத்தனை இடங்களில் தாமே குழியில் விழுந்து எழுந்திருந்தால் முனிவர் இப்படி ஒரு கதையை எழுதியிருப்பார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

மாணவன் வீடு திரும்பிப் பாட்டியிடம் யோபுவின் கதையைச் சொன்னானாம். "பாவம், பிள்ளைகளைப் பறிகுடுத்த மனுசன் சொன்னதா அது? அப்ப சரி" என்று அவர் சொன்னதாக அடுத்த வாரம் வந்து தெரிவித்தான். பல்லுக்குத் தோல் இல்லை என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

மேற்பார்வையாளருக்கு நன்றி தெரிவித்து அவனே ஆங்கிலத்தில் ஒரு மறுமொழியும் அனுப்பியிருந்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எங்கள் ஊரில் சொல்வார்கள் என்று, சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதியிருக்கிறான். அதற்கு வந்த பதிலை நம்மிடம் காட்டினான். உன் சிற்றப்பா அன்று தலைக்கவசம் அணிந்திருந்ததாகவே எனக்கு நினைவு, தலைப்பாகை எப்போது கட்டினார் என்று அந்த நல்ல மனிதர் கேட்டிருந்தார்.